“மட்ச் முடியட்டும், பிறகு பார்ப்பம்”: விளையாட்டு ரசிகர்களும் இதய நலமும்



ஓகஸ்ட் மாதக் கடைசியில் கனடியப் பல்கலைக்கழகங்கள் திறக்கும்போது, பல்கலைக்கழக ஃபுட்போல் பருவமும் கூடவே ஆரம்பமாகிவிடுகிறது. இது நாம் ஊரில் விளையாடிய உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், ஒரு பக்கத்துக்கு 12 பேராக, 110 யார் நீளமான களத்தில் விளையாடுவது. மகனோ மகளோ பல்கலைக்கழகம் புகுந்த வீட்டுக்குள் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறத்தில் ஒரு மேற்சட்டையும் வந்து சேர்கிறது. சில மாதங்களில் பிள்ளையைவிடத் தகப்பனார் பெரிய ரசிகராக மாறிவிடுவதும் உண்டு. அதே வீட்டில் ரப்ரர்ஸ் கூடைப்பந்தாட்டம், மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி, புளூ ஜேய்ஸ் பேஸ்போல், மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் துடுப்பாட்டம் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பருவம் நடந்துகொண்டே இருக்கும்.

விளையாட்டை ரசிப்பது நல்ல விடயம். ஆனால் உண்மையான ரசிகர் வெறுமனே பார்ப்பவர் அல்லர். அவர் வாரம் முழுவதும் எதிர்பார்க்கிறார், பயப்படுகிறார், கணக்குப் பார்க்கிறார், கடைசி நிமிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இந்தப் பதற்றமும் நம்பிக்கையும் உடலுக்குள் என்ன செய்கின்றன? வயது நாற்பதைத் தாண்டியவர்கள், இதய நோய், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்? இவற்றையே இம்முறை பார்ப்போம்.

49 தோல்விகள்

எமது நகரத்திலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் அணிக்கு வார்சிற்றி புளூஸ் என்று பெயர். இந்த விளையாட்டின் பதிவில் உள்ள மிகப் பழைய ஆட்டங்களில் ஒன்று 1861 நவம்பர் 9 அன்று இதே பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிற்றி கல்லூரி வளாகத்தில்தான் நடந்தது. கனடியப் பல்கலைக்கழகங்களின் உயர்ந்த பரிசான வனியர் கிண்ணத்தை 1965இல் முதன்முதலில் வென்றதும் இந்த அணியே. 1993இல் மீண்டும் வென்றது.

அப்படிப்பட்ட அணி 2001ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தோற்கத் தொடங்கியது. 2002 முதல் 2007 வரை ஆறு பருவங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. ஒரு பருவத்துக்கு எட்டே ஆட்டங்கள். எட்டிலும் தோல்வி. அடுத்த ஆண்டு மீண்டும் எட்டு. மொத்தம் 49 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோற்றார்கள். கனடியப் பல்கலைக்கழக ஃபுட்போல் வரலாற்றில் இதுவே மிக நீண்ட தோல்வி வரிசை. 2002இல் புகுந்து 2006இல் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் தன் அணி வென்றதை ஒரு தடவைகூடப் பார்க்காமலே வெளியேறியிருப்பார். கடைசியில் 2008 செப்ரெம்பர் 1 அன்று வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்கு எதிராக 18–17 என்று ஒரேயொரு புள்ளியால் வென்றார்கள்.

ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு செப்ரெம்பரிலும் “இந்த முறையாவது” என்று மைதானத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். லீஃப்ஸ் ரசிகர்களும் இப்படித்தான். அந்த அணி கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். ஆகவே ரொறன்ரோவில் வாழும் எமக்கு, தோற்கும் அணியை நேசிப்பது புதிய விடயம் அல்ல. இப்படி நேசிப்பது உடலையும் மனத்தையும் கெடுக்குமா? இதற்கு விடை இரண்டு பகுதியாக இருக்கிறது. முதலில் உடலைப் பார்ப்போம்.

இது விளையாட்டு என்று உடலுக்குத் தெரியாது

ஆட்டம் இறுகும்போது மூளை அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. நாடித் துடிப்பு கூடுகிறது. குருதி அமுக்கம் உயர்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தம் உறையும் தன்மையும் சற்று அதிகரிக்கிறது. காட்டில் புலியைக் கண்டவருக்கு இவை உதவும். அவர் ஓடித் தப்புவார். சோபாவில் இருப்பவரோ ஓடுவதில்லை. கால்கள் ஓய்வில் இருக்க, இதயம் மட்டும் ஓடுகிறது.

மொன்றியல் நகரத்தில் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். கனேடியன்ஸ் ஹொக்கி அணியின் ஆட்டங்களைப் பார்த்த 20 ஆரோக்கியமானவர்களின் நாடித் துடிப்பைப் பதிவு செய்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் துடிப்பு ஓய்வு நிலையைவிடச் சராசரியாக 75 வீதம் கூடியிருந்தது. அரங்கில் நேரில் பார்த்தவர்களுக்கு 110 வீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். முதலாவது அளவு வேகமாக நடப்பதற்கும் இரண்டாவது கடுமையான உடற்பயிற்சிக்கும் ஈடானது. கோல் விழக்கூடிய தருணங்களிலும் மேலதிக நேரத்திலும் துடிப்பு உச்சத்தைத் தொட்டது. கோல் எமது பக்கம் விழுந்தாலும் மறுபக்கம் விழுந்தாலும் இதயத்துக்கு அது ஒன்றுதான்.

ஆரோக்கியமான ஒருவருக்கு இதனால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் இதயக் குழாய்களில் ஏற்கனவே கொழுப்புப் படிந்திருப்பவருக்கு நிலைமை வேறு. 2006இல் ஜேர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தபோது மியூனிக் பகுதி மருத்துவர்கள் அவசர இதய நோயாளர்களைக் கணக்கெடுத்தார்கள். ஜேர்மனிய அணி விளையாடிய நாட்களில் அந்த எண்ணிக்கை சாதாரண நாட்களைவிட 2.66 மடங்காக இருந்தது. ஆண்களில் மூன்று மடங்குக்கு மேல், பெண்களில் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆட்டம் தொடங்கி முதல் இரண்டு மணித்தியாலங்களிலேயே அவை மிக அதிகமாக நிகழ்ந்தன. முன்னரே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதேபோல 1998 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்ரீனாவிடம் இங்கிலாந்து பெனால்ரி உதைகளில் தோற்ற நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும், இங்கிலாந்து மருத்துவமனைகளில் மாரடைப்பால் அனுமதிக்கப்பட்டோர் தொகை 25 வீதம் கூடியது.

எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்லவில்லை. இத்தாலியில் மூன்று பெரிய போட்டிகளின் காலத்தை எடுத்துப் பார்த்தபோது மருத்துவமனை அனுமதிகளில் அதிகரிப்பு எதுவும் தெரியவில்லை. எனவே விளையாட்டுப் பார்த்தால் மாரடைப்பு வரும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. ஏற்கனவே நோய் உள்ளவருக்கு, மிக இறுக்கமான ஆட்டம் அதைக் கிளப்பிவிடும் ஒரு காரணமாகலாம் என்பதே இதன் பொருள்.

எமக்கு ஏன் கூடுதல் கவனம்?

ஹமில்டனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் என்னும் ஆய்வு 2004இல் வெளியானது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வந்த கட்டுரை தெற்காசியர்களைத் தனியாக எடுத்து ஆராய்ந்தது. தெற்காசியர்களுக்கு முதலாவது மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. அதாவது ஆறு ஆண்டுகள் முன்னதாக. அதற்கு அவர்கள் கண்ட காரணங்கள் புதியவை அல்ல: புகைத்தல், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கொலஸ்ரரோல், வயிற்றுக் கொழுப்பு, உடற்பயிற்சிக் குறைவு, மனஅழுத்தம் போன்றவைதான். எமக்கு அவை இளமையிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே 45 வயதில் “எனக்கு ஒன்றும் இல்லை” என்று இருப்பவர், தனது குருதி அமுக்கம், சீனி, கொலஸ்ரரோல் ஆகியவற்றின் அளவுகளைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டு அறிந்து வைத்திருப்பது நல்லது. இலக்கம் தெரியாமல் இருப்பது நோய் இல்லாமல் இருப்பது ஆகாது.

இரவெல்லாம் விழிப்பு

எம்மவர்களுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. எமது பருவங்கள் இரண்டு நேரங்களில் நடக்கின்றன.

யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் “வடக்கின் பெரும் போர்” மார்ச் மாதத்தில் நடக்கும். இங்குள்ள பழைய மாணவர்களுக்கு அது வெறும் துடுப்பாட்டம் அல்ல. பதினாறு வயதில் கொடி பிடித்து ஓடிய வீதிகள், வேலிக்கு அப்பால் நின்று பார்த்த ஆட்டங்கள், இன்று வேறு வேறு நாடுகளில் இருக்கும் நண்பர்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அங்கே காலை 9 மணிக்கு முதல் பந்து வீசப்பட்டால், இங்கே முந்திய இரவு 10.30 மணி. மார்ச் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை முன்னே நகர்த்திய பிறகு 11.30 மணி. விடியும்வரை நேரலை பார்த்துவிட்டுக் காலையில் அப்படியே 401 நெடுஞ்சாலையில் வேலைக்கு வாகனம் ஓட்டிப் போகிறவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

கனடிய ஆட்டங்களும் சில சமயம் இதையே செய்யும். 2025 ஒக்ரோபர் 27 இரவு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இனிங்ஸ் போனது. 6 மணித்தியாலம் 39 நிமிடம். புளூ ஜேய்ஸ் தோற்று முடிந்தபோது ரொறன்ரோவில் அதிகாலை 3 மணி ஆகப்போகிறது. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, வேலையும் பள்ளிக்கூடமும் வழக்கம்போல இருந்தன.

ஓர் இரவு நித்திரை கெட்டாலே மறுநாள் குருதி அமுக்கம் கூடும், இரத்தச் சீனி குழம்பும், எதற்கும் கோபம் வரும், வாகனம் ஓட்டும்போது கண் அயரும். சுவீடன் நாட்டின் ஆய்வொன்று (2008) வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்திய பின்வரும் வாரத்தில் மாரடைப்புகள் சுமார் 5 வீதம் கூடியதாகக் கண்டது. ஒரு மணித்தியால நித்திரைக்கே இப்படி என்றால், முழு இரவும் விழித்திருப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

தோற்ற மறுநாள் வாயும் வயிறும்

ஆட்டம் என்றால் ரோல்ஸ், பற்றீஸ், மிக்சர், கொத்துரொட்டி எல்லாம் மேசைக்கு வந்துவிடும். சிலருக்குப் பியரும் வேண்டும். ஆனால் ஆட்டத்தன்று மட்டுமல்ல, மறுநாளும் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஃபுட்போல் அணிகள் உள்ள நகரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஞாயிற்றுக்கிழமை தங்கள் அணி தோற்றால் திங்கட்கிழமை மக்கள் உண்ணும் நிறைவுற்ற கொழுப்பு 16 வீதம் கூடியது. வென்றால் 9 வீதம் குறைந்தது. தோல்வியின் கவலையைச் சாப்பாட்டில் தீர்த்துக்கொள்கிறோம். இது நடக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு பழத்தட்டையோ அவித்த கடலையையோ குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டு அல்லது சில வகைக் குளிசைகளை எடுத்துவிட்டு, “அடுத்த குவாட்டர் முடிய சாப்பிடுவம்” என்று சாப்பாட்டைத் தள்ளினால் இரத்தச் சீனி தாழ்ந்துவிடும். அப்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இறுக்கமான ஆட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் இவை வரக்கூடியவைதான். அதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இப்படி வந்தால் உடனே விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் பழச்சாறோ குளுக்கோஸ் குளிசையோ எடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள்.

“நாங்கள் வென்றோம், அவர்கள் தோற்றார்கள்”

இப்போது மனத்துக்கு வருவோம். 1976இல் ரொபேட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1973ஆம் ஆண்டு ஃபுட்போல் பருவத்தில் ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை வகுப்புகளுக்கு மாணவர்கள் என்ன உடுத்து வருகிறார்கள் என்று கவனித்தார்கள். அணி வென்ற வார இறுதிக்குப் பின் பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் உள்ள உடைகள் அதிகம் தெரிந்தன. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது வென்றால் “நாங்கள் வென்றோம்” என்றும், தோற்றால் “அவர்கள் தோற்றார்கள்” என்றும் சொல்வது கூடுதலாக இருந்தது. எமது வீடுகளிலும் இதே கதைதான்!

சாதாரண ரசிகர் இப்படித் தப்பிக்கொள்கிறார். ஆனால் தீவிர ரசிகரால் “அவர்கள்” என்று சொல்ல முடியாது. தோற்றாலும் அவருக்கு அது “நாங்கள்”தான். ஆகவே அவருடைய கவலையும் ஆழமானது. 2025 நவம்பர் 1 அன்று ஏழாவது ஆட்டத்தில், கிண்ணத்துக்கு இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும் என்ற நிலையில் இருந்து, 11 இனிங்ஸின் பின் 5–4 என்று புளூ ஜேய்ஸ் தோற்றபோது பலர் பல நாட்கள் சரியாகச் சாப்பிடவோ கதைக்கவோ மனமில்லாமல் இருந்தார்கள். 1993க்குப் பின் முதன்முதலாகக் கிட்டிய உலகத் தொடர் அது. கவலைப்படுவது இயல்பு. அதைப் பார்த்து வீட்டார் சிரிக்கவும் கூடாது, “இதுவும் ஒரு விடயமா?” என்று ஏசவும் கூடாது.

மறுபக்கத்தில் நல்ல செய்தியும் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் உள்ள மரே ஸ்ரேற் பல்கலைக்கழக உளவியலாளர் டானியல் வான் பல ஆண்டுகளாக ரசிகர்களை ஆராய்ந்தவர். தமது ஊரின் அணியுடன் நெருங்கிய பிணைப்பு உள்ளவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவாகவும் மனநலம் மேலாகவும் இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. அந்த நன்மைக்கு அணி வென்றாக வேண்டும் என்பதில்லை. அணியை முன்னிட்டு மனிதர்களோடு ஏற்படும் தொடர்பே பயன் தருகிறது.

49 தோல்விகளின் போதும் மைதானத்துக்குப் போனவர்களைப் பற்றி முன்னர் கேட்ட கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. புள்ளிப் பலகையை மட்டும் நம்பிப் போனவர் இரண்டாவது ஆண்டிலேயே நின்றிருப்பார். பக்கத்தில் இருக்கும் நண்பனுக்காக, சகோதரனுக்காக, தான் படித்த இடத்துக்காகப் போனவருக்குத் தோல்வி பாரமாக இருந்தாலும் நோயாக மாறுவதில்லை. புதிய நாட்டில் வந்து குடியேறிய எமக்கு இது இன்னும் பெறுமதியானது. பிள்ளையோடு கதைக்க வேறு விடயம் கிடைக்காத தகப்பனாருக்கு ஓர் ஆட்டம் மூன்று மணித்தியாலக் கதையைத் தருகிறது. வேலைத்தலத்தில் வேற்று இனத்தவரோடு பேசவும் அது ஒரு வாசல்.

ஆனால் அதே வீட்டில் தோல்விக்குப் பின் தகப்பனார் கத்துவதையும், றிமோட்டை எறிவதையும், தாயாரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதையும் பிள்ளை பார்த்தால், அது கற்றுக்கொள்வதும் அதையே. தோற்ற பிறகு எப்படி எழும்புவது என்பதைப் பிள்ளைக்குக் காட்ட விளையாட்டைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே பந்தயத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஏப்ரல் 4 முதல் ஒன்ராறியோவில் தனியார் நிறுவனங்களும் இணையத்தில் விளையாட்டுப் பந்தயம் நடத்தச் சட்டபூர்வமாக அனுமதிக்கப்பட்டார்கள். 19 வயது நிரம்பியவர் கைத்தொலைபேசியிலேயே பணம் கட்டலாம். பணம் கட்டியவர் ஆட்டத்தை ரசிப்பதில்லை, கடனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நித்திரையின்மை, பொய், கடன் அட்டை நிலுவை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை பிள்ளையிடமோ கணவரிடமோ தெரிந்தால் சண்டை பிடிக்காமல் பேசுங்கள். கொனெக்ஸ்ஒன்ராறியோ என்னும் இலவச உதவிச் சேவை 24 மணித்தியாலமும் இயங்குகிறது. இலக்கம்: 1-866-531-2600.

ஆட்ட நாளுக்கான எட்டுக் குறிப்புகள்

1. குருதி அமுக்கம், சீனி, கொலஸ்ரரோல் ஆகியவற்றுக்கான குளிசைகளை வழமையான நேரத்தில் எடுங்கள். கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் நைட்ரோகிளிசரின் ஸ்பிரே தந்திருந்தால் அது மேல்மாடி அலுமாரியில் அல்ல, நீங்கள் ஆட்டம் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

2. உணவு நேரத்தை ஆட்டம் தீர்மானிக்க விடாதீர்கள். ஆட்டம் தொடங்குமுன் வழமையான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டால் பொரித்தவற்றில் கை போவது குறையும்.

3. உப்பு கூடிய மிக்சர், சிப்ஸ் பையை அப்படியே மடியில் வைத்துச் சாப்பிடாமல், ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

4. மதுவும் புகையும் பதற்றத்தைத் தணிப்பதில்லை. இரண்டும் இதயத்துக்கு மேலும் சுமை தருகின்றன. இதயக் குழாய் சுருங்கும் நேரத்தில் புகைப்பது மிக ஆபத்தானது.

5. ஒவ்வொரு இடைவேளையிலும் எழும்பி ஐந்து நிமிடம் நடவுங்கள். படியில் ஒரு தடவை ஏறி இறங்கினாலும் நல்லது. இதயம் ஓடும்போது கால்களும் சிறிது ஓடட்டும்.

6. இதய நோய் உள்ளவர் இறுக்கமான ஆட்டத்தைத் தனியே பேஸ்மென்றில் இருந்து பார்க்க வேண்டாம். யாராவது ஒருவர் அருகில் இருக்கட்டும்.

7. நள்ளிரவு ஆட்டங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். மூன்று நாள் ஆட்டத்தில் கடைசி நாளை மட்டும் பார்க்கலாம். முழு இரவும் விழித்தால் மறுநாள் விடுப்பு எடுங்கள், அல்லது பேருந்தில் போங்கள்.

8. தோல்வியின் கவலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, நித்திரை, பசி, வேலை எல்லாவற்றையும் பாதித்தால் அது ஆட்டத்தைப் பற்றிய கவலை மட்டுமல்ல. குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் 988 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மற்ற எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். ஆட்டத்தின் நடுவே நெஞ்சில் அமுக்கமோ இறுக்கமோ வந்தால், அது இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு எங்காவது பரவினால், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், வயிற்றுப் பிரட்டல், தலைச்சுற்று ஏற்பட்டால், அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே கடுங்களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதத்தின் அறிகுறி.

இந்த நேரத்தில் எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம்: “ஒண்டுமில்லை, வாய்வு. மட்ச் முடியட்டும், பிறகு பார்ப்பம்.” ஆட்டத்தால் வந்த படபடப்பு என்று நினைப்பதற்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கிறது. அதுதான் ஆபத்து. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி இறக்கிறது. மேலதிக நேரம் முடியும்வரை அது காத்திருக்காது. சந்தேகம் இருந்தாலே போதும், 911 அழையுங்கள். நீங்களே வாகனம் ஓட்டிப் போகாதீர்கள். அம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் “தமிழ்” என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

911 அழைத்த பிறகு, நெஞ்சுவலி உள்ளவருக்கு அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாவிட்டால், வைத்தியர் தவிர்க்கச் சொல்லியிராவிட்டால், 325 மில்லிகிராம் குளிசை ஒன்றையோ 81 மில்லிகிராம் குளிசை இரண்டையோ சப்பி விழுங்கலாம். பாரிசவாதம் என்ற சந்தேகம் இருந்தால் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஆள் மயங்கி விழுந்து மூச்சு இல்லாமல் இருந்தால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பலமாக அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். அவசரம் அல்லாத உடல்நலச் சந்தேகங்களுக்கு ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தில் தாதியருடன் எந்த நேரமும் பேசலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டத்தின் நடுவே அப்பா வியர்த்துக் கொட்டினால் அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியை எடுங்கள். அவர் ஏசினால் ஏசட்டும். பிழையான அழைப்பு என்று தெரிந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம்.

ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பதறுங்கள், கத்துங்கள், நம்புங்கள். குளிசையை எடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு நம்புங்கள். 49 தடவை தோற்ற அணிக்கும் ஐம்பதாவது ஆட்டம் ஒன்று வந்தது. அப்படி ஓர் ஆட்டம் வரும்போது எமது வீட்டு ரசிகரும் அதைப் பார்ப்பதற்கு நலமாக இருக்க வேண்டும்.